ரெண்டு நாள் ட்ரெயினிங்ல பிள்ளைங்க தலையெழுத்த எழுத விடாதீங்க: ஐக்யூ டெஸ்ட் பயிற்சி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மும்பைல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஐக்யூ டெஸ்ட் வைக்க ஆளுங்களத் தயார் பண்றது நீங்க. எத்தனை நாள் ட்ரெயினிங் போதும், அவங்க கைல என்ன புத்தகம் குடுக்கணும், யாரு கையெழுத்து போடலாம்னு முடிவு பண்றதும் நீங்கதான். அதனால இந்த மடல உங்களுக்கே எழுதுறேன். பின்னணி எதையும் உங்களுக்கு விளக்கத் தேவையில்ல. படிக்கிற அப்பா அம்மாவுக்காக மட்டும் சுருக்கமா சொல்லிடறேன்: 2018 ஜனவரில வந்த மத்திய அரசு கெஜட்ல இப்படிப் போட்டிருந்தாங்க, ஒரு பிள்ளைக்கு எழுத்துல வாசிப்புல குறைபாடு, அதாவது எல்டி இருக்கான்னு பாக்கணும்னா அதுக்கான டெஸ்ட்டுக்கு முன்னாடி ஐக்யூ டெஸ்ட், அதுல 85க்கு மேல வந்தாத்தான் அடுத்த டெஸ்ட்டுக்கே போக முடியும். 85-ஐத் தாண்டலன்னா அந்தக் கதவு அங்கேயே சாத்திடும்.

எங்க தாராவில ஒரு பொண்ணுக்கு போன மாசம் அப்படித்தான் சாத்துனாங்க. ஒம்பது வயசு, மாநகராட்சி தமிழ் மீடியம், நாலாங்கிளாஸ். அம்மா மாட்டுங்கால கோயில் பக்கத்துல பூ விக்கிறாங்க. அஞ்சு முழம், முழம் முப்பது ரூபா, எரநூறு குடுத்தா மீதி எவ்வளவுன்னு கேட்டு வாய மூடுறதுக்குள்ள அம்பதுன்னு சொல்லிரும் அந்தப் புள்ள. ஆனா ஒரு வரிய வாசிக்கச் சொன்னா நெத்தில வேர்த்துரும். துணைக்கால் கண்ணுல விழாது, கோழிய கேழின்னு படிக்கும், ஒரே வார்த்தைய மேல ஒரு மாதிரி எழுதும் கீழ ஒரு மாதிரி எழுதும். இந்த மாதிரிப் பிள்ளைங்கள வருஷக்கணக்கா பாக்குற ஸ்பெஷல் எஜுகேட்டர் நான், எல்டியான்னு கண்டிப்பா பாக்கணும்னு தோணித்தான் அனுப்பி வச்சோம்.

டெஸ்ட் வச்சவங்க தமிழ் தெரியாதவங்க, அது அவங்க தப்பு இல்ல. கேள்வி எல்லாம் ஹிந்தில கேட்டாங்க. புள்ள முழிச்சதும், கூட வந்த அக்காவ, எட்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ண, பக்கத்துல உக்கார வச்சு "நீ சொல்லிக் குடு"ன்னுட்டாங்க. அக்கா என்ன பண்ணும் பாவம், சில கேள்விய பாதியா மாத்திச் சொல்லுச்சு, ஒரு கேள்விக்கு பதிலையும் சேத்தே சொல்லிடுச்சு, சிலது அதுக்கே புரியல. அந்தக் கேள்விகள நான் இங்க எழுத மாட்டேன், டெஸ்ட் கேள்விய வெளிய விடக்கூடாது. நம்பர் சொல்லி திருப்பிச் சொல்லச் சொல்ற பகுதி இருக்கில்லயா, அத மட்டும் சொல்றேன். நொடிக்கு ஒரு நம்பர், ஒரே சீரா படிக்கணும், திரும்பச் சொல்லக்கூடாது, டெஸ்ட்டோட மேனுவல்ல, அதாவது வழிகாட்டிப் புத்தகத்துல, இருக்குற விதி அது. இவங்க போன் நம்பர் சொல்ற மாதிரி ரெண்டு ரெண்டா சேத்துப் படிச்சாங்க, ஒருக்க நடுவுல நிறுத்தி மொதல்ல இருந்து திரும்பச் சொன்னாங்க. அதுவும் ஹிந்தில. புள்ள அத மனசுக்குள்ள தமிழாக்கி, பின்னாடி இருந்து திருப்பி, மறுபடி ஹிந்தியாக்கி சொல்லணும். அங்க அளந்தது ஞாபக சக்தியவா ஹிந்தியவா? நான் மூலைல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன், நடுவுல பேசக் கூடாதுங்கிற விதி எனக்குத் தெரியும்.

ரிப்போர்ட் வந்துச்சு, ஒரு பக்கம். ஐக்யூ 83, எல்டி டெஸ்ட்டுக்குத் தகுதி இல்ல. உள்ள ஸ்கோர் ஷீட்ட கேட்டு வாங்கிப் பாத்தா வெர்பல், அதாவது வாய்ப்பேச்சுக் கேள்விப் பகுதி, 68; பெர்ஃபார்மன்ஸ், அதாவது கையால செஞ்சு, கண்ணால பாத்து சொல்ற பகுதி, 98. ஐயா, முப்பது பாயிண்ட் வித்தியாசம்! வாய்ப்பேச்சுக் கேள்வில தடுமாறுன புள்ள, கட்டைய அடுக்கச் சொன்னா, படத்துல என்ன இல்லன்னு கேட்டா, வயசுக்குச் சரியா பண்ணுது. இந்த ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா வர்ற 83க்கு என்ன அர்த்தம்னு எழுதணுமா வேண்டாமா? எந்த ஐக்யூ நம்பருக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அஞ்சாறு பாயிண்ட் ஏறி எறங்க இடம் உண்டுன்னு எழுதணுமா வேண்டாமா? எந்த மொழில கேட்டோம், யாரு மொழிபெயர்த்தாங்கன்னு ஒரு வரி கூட அந்த ரிப்போர்ட்ல இல்ல.

டெஸ்ட் வச்சவங்கள நான் திட்ட வரல. அவங்ககிட்ட பேசுனேன், நல்ல மனுஷி, மனசு நொந்து போய்ப் பேசுனாங்க. ரெண்டு நாள் வொர்க்‌ஷாப், கொஞ்சம் ஸ்லைடு, ஜெராக்ஸ் எடுத்த ஸ்கோர் ஷீட், முழு மேனுவல் கைல கெடைக்கல, ஒரு பிள்ளைக்கு டெஸ்ட் வைக்கிறத பக்கத்துல உக்காந்து பாத்து திருத்துன ஆள் யாரும் இல்ல. இவ்வளவுதான் அவங்களுக்குக் கெடைச்ச பயிற்சி. அதுக்கு மேல சர்ட்டிஃபிகேட்ட குடுத்து அனுப்பிச்சது நீங்க. அதனாலதான் திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், ட்ரெயினிங்க சரி பண்ணுங்க, பாடப் பொருள சரி பண்ணுங்க.

இதுல புதுசா கண்டுபிடிக்க ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல 1970ல, கலிஃபோர்னியால, வீட்டுல ஸ்பானிஷ் பேசுற பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்ல ஐக்யூ டெஸ்ட் வச்சு மூளை வளர்ச்சி கொறஞ்சவங்கன்னு தனி வகுப்புல போட்டத எதிர்த்து டயானா வழக்கு நடந்துச்சு, பிள்ளையோட மொழிலயும் டெஸ்ட் வைக்கணும்னு அங்க ஒத்துக்கிட்டாங்க. அங்க ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் சங்கம் வச்சிருக்குற அளவுகோல் படி இன்டர்ன்ஷிப் மட்டும் 1200 மணி நேரம், அதுல 600 மணி நேரமாவது ஸ்கூல்லயே இருக்கணும். நம்ம நெலமைக்கு 1200 கேக்கல. ஆனா ரெண்டு நாளுக்கும் 1200 மணி நேரத்துக்கும் நடுவுல நிறைய இடம் இருக்கு.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல இன்னும் நிறைய எடத்துல வைக்கிறது மாலின் டெஸ்ட்தான், நாக்பூர்ல 1969ல வந்தது, அதுவும் 1949ல அமெரிக்காவுல வந்த வெக்ஸ்லர் ஐக்யூ டெஸ்ட்ட நம்ம ஊருக்கு மாத்துனது. டெஸ்ட்டோட நார்ம்ஸ், அதாவது மத்த பிள்ளைங்களோட ஒப்பிட்டுப் பாக்குற அளவு, பழசாக ஆக ஸ்கோர் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போகும்னு ஃப்ளின்ங்கிற ஆராய்ச்சியாளர் காமிச்சு நாப்பது வருஷமாச்சு. ஆக பழைய நார்ம்ஸ் ஒரு பக்கம் ஏத்துது, தெரியாத மொழி இன்னொரு பக்கம் எறக்குது, கடைசில வர்ற நம்பர்ல பிள்ளை எங்க இருக்கு? இத வொர்க்‌ஷாப்ல ஒரு மணி நேரமாவது சொல்லிக் குடுத்தீங்களா?

பினேங்கிற ஃபிரெஞ்சு உளவியல் அறிஞர் 1905ல பாரீஸ்ல இந்த மாதிரி டெஸ்ட்ட உண்டாக்குனதே எந்தப் பிள்ளைக்கு கூடுதல் உதவி வேணும்னு கண்டுபிடிக்கத்தான். எங்க ஊர்ல அதே மாதிரி டெஸ்ட் பிள்ளைக்கு உதவி கெடைக்காம பண்ணுது. எங்க தமிழ் மீடியம் ஸ்கூல்ல பிள்ளைங்க வருஷா வருஷம் கொறையுது, டீச்சர் ரிட்டயர் ஆனா மாத்து ஆள் வர மாட்டாங்க, பிள்ளைங்களுக்கு மனநல ஆலோசனை சொல்ற கவுன்சிலர்னு கேட்டா அடுத்த வார்டுல இருக்காங்கன்னு பதில் வருது, பூ விக்கிற அம்மா ஒரு நாள் கடைய விட்டுட்டு வந்தா அன்னைக்கு வீட்டுல வருமானமே இல்ல, அப்படி வந்தவங்களுக்கு கைல ஒரு பக்கத் தாள குடுத்து உங்க பொண்ணு மந்தம்னு சொல்லி அனுப்புறாங்க. அந்தம்மா என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி, "டீச்சர், அப்போ இனிமே இவளுக்கு படிப்பு வேண்டாமா?" இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

கோவத்துல எங்கேயோ போயிட்டேன், மன்னிக்கணும். உங்கள பணிவா கேட்டுக்கிறேன். வொர்க்‌ஷாப்ப ரெண்டு நாளோட முடிக்காதீங்க, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரும் சில பிள்ளைங்களுக்காவது அனுபவம் உள்ளவங்க முன்னாடி டெஸ்ட் வச்சு, அத திருத்தி வாங்கின பிறகே சர்ட்டிஃபிகேட் குடுங்க. சரியா டெஸ்ட் வைக்கிற வீடியோ, வேணும்னே தப்பு வச்ச ஸ்கோர் ஷீட், வயசு கணக்கு போடுற பயிற்சி, இதெல்லாம் சேத்து தொகுப்பா குடுங்க. வயசு ஒரு மாசம் தப்பினாலே ஸ்கோர் பாக்க வேற வயசு டேபிள்ள போய் பாக்க வேண்டி வரலாம், அதுக்கே நிறைய பேர் தடுமாறுறாங்க. கூட வந்த அக்காவ மொழிபெயர்க்க வைக்கக் கூடாதுன்னு எழுத்துல போடுங்க, தமிழ் தெரிஞ்ச, அதுக்குன்னு பழகுன ஆள உக்கார வைங்க. ரிப்போர்ட்ல எந்த மொழின்னு எழுதச் சொல்லுங்க, ஒத்த நம்பர எழுதி முடிக்க விடாதீங்க.

தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் தமிழ் டீச்சருங்க நாங்க சில பேர் சனிக்கிழமை வந்து உதவத் தயாரா இருக்கோம், சம்பளம் வேண்டாம், எங்களுக்கும் சேத்து சொல்லிக் குடுத்தா போதும். இந்தப் பொண்ணுக்கு தமிழ் தெரிஞ்ச ஆள வச்சு ஜூன்ல ஸ்கூல் தொறக்குறதுக்கு முன்னாடி மறுபடி டெஸ்ட் வைக்க ஏற்பாடு பண்ணுங்க. ஒரே டெஸ்ட்ட உடனே திரும்ப வச்சா பழக்கத்துல ஸ்கோர் ஏறிடும், அதனால வேற டெஸ்ட்டா பாத்து வைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
தாராவில இருந்து ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர்