இழுப்பறையில் கிடக்கும் இல்லாக்களுக்காக

ஆண்டீஸ் மலைத்தொடரின் தொல்பொருள்களை வைத்திருக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒருவருடைய கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றேன். உள்ளே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு வெள்ளைக் கல் லாமா; ஒட்டகத்துக்கு உறவான மலை விலங்கின் உருவம். கால்கள் தனித்தனியே செதுக்கப்படவில்லை. காதுகள் இரண்டும் மட்டும் விறைத்து நின்றன. முதுகிலும் கழுத்திலும் கல்லின் வெள்ளை மறைந்து பழுப்பேறியிருந்தது. எண்ணெய்க் காப்பு ஏறிய சிலைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நிறத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அருகிலிருந்த சீட்டில் மூன்றே சொற்கள்: தாயத்து, கல், ஆண்டீஸ். யாருடையது, யார் கொண்டுவந்தார்கள், என்ன கொடுத்து வாங்கினார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை.

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பொலிவியா, பெரு, சிலி நாடுகளின் மேட்டுநிலங்களில் வாழும் ஐமாரா மக்கள் அதை இல்லா என்கிறார்கள். தமிழ் எழுத்தில் பார்த்தால் இன்மையைச் சொல்லும் சொல். அவர்களுக்கோ அது நிறைவைச் சொல்வது. 1612இல் ஐமாரா அகராதியை வெளியிட்ட பாதிரியார் லுதோவிகோ பெர்தோனியோ, வீட்டுக்கென்று சேமித்து வைக்கும் உணவு, துணி, வெள்ளி எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லைக் காட்டுகிறார். மந்தைக்கான இல்லா அந்தச் சேமிப்பின் விதை. விலங்குகளின் பெருகும் ஆற்றல் அதற்குள் இருக்கிறது என்பது நம்பிக்கை. அலபாஸ்டர் போன்ற மென்மையான கல்லில் தனி விலங்காகவும், பட்டிக்குள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டமாகவும் செதுக்குவார்கள்.

அந்த நம்பிக்கையின் அருமை, லாமாவும் அதன் உறவான அல்பாக்காவும் எப்படி ஈனுகின்றன என்று தெரிந்தால்தான் விளங்கும். சினை பதினொரு மாதம். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் பிறக்கும் அந்த ஒன்றும் உறைபனிக்கும் நரிக்கும் தப்ப வேண்டும். பயிர் பொய்க்கும் இடத்தில் கம்பளி, இறைச்சி, சுமை, எரிக்கும் சாணம் என எல்லாமே மந்தைதான். ஒரு மந்தை பெருகக் காத்திருப்பவர்கள் பொறுமையைக் கல்லில் வைத்துப் பாதுகாத்ததில் எனக்கு வியப்பில்லை.

இல்லா வெளியே காட்டப்படும் பொருள் அல்ல. நெய்த துணியில் சுற்றி, வீட்டுக்குள் மறைவாக வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில், தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் திருவிழா நாட்களை ஒட்டி, விலங்குகளின் காதில் வண்ணக் கம்பளிக் குஞ்சம் கட்டும் சடங்கின்போது மூட்டை அவிழும். கொக்கா இலை வைப்பார்கள், லாமாக் கொழுப்பு வைப்பார்கள், சாராயம் தெளிப்பார்கள். தொட்டுத் தொட்டுத்தான் அது இல்லாவாக இருக்கிறது. உங்கள் பெட்டிக்குள் தொடக்கூடாது என்பதுதான் முதல் விதி.

இவற்றைப் பறிப்பது நேற்றுத் தொடங்கியதல்ல. ஆண்டீஸின் இன்னொரு பழங்குடியான கெச்சுவா மக்களிடம் கொனோபா என்ற பெயரில் இருந்த உடன்பிறப்புக் கற்களை ஸ்பானியப் பாதிரிமார் வீடு வீடாகத் தேடினார்கள். 1617 பிப்ரவரி முதல் 1618 ஜூலை வரை மட்டும் 3,418 கொனோபாக்களைப் பறித்ததாக அந்தப் பாதிரிமாரில் ஒருவரான பாப்லோ ஹோசே தே அர்ரியாகா கணக்கெழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் மூட்டைக்குள் இருந்தது என்று நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள்.

பின்னர் வந்தவர்கள் சேகரிப்பாளர்கள். 1858இல் சுவிஸ் பயணி யோஹான் யாக்கோப் ஃபான் சூடி, பொலிவியாவின் பழைய தலமான தியாவானாக்குவில் மக்கள் வணங்கிவந்த ஒரு சாணுக்கும் குறைவான கல் உருவத்தை ஒரு புட்டி கொன்யாக் சாராயம் கொடுத்துக் கொண்டுபோனார். மந்தைக்கான உருவம் அல்ல அது; வளத்தின் தெய்வமான எக்கெக்கோ என்று சொல்லிப் பொலிவியா அதைத் திருப்பிக் கேட்டது, இல்லா என்ற சொல்லாலேயே கேட்டது. அதை வைத்திருந்த சுவிட்சர்லாந்தின் பெர்ன் வரலாற்று அருங்காட்சியகம் 2014 நவம்பரில் திருப்பிக் கொடுத்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனாலும் கொடுக்க முடிந்தது. அதனால்தான் உங்களிடம் கேட்கத் துணிகிறேன்.

உங்கள் இழுப்பறைகளில் இருக்கும் இல்லாக்களின் பட்டியலைப் படங்கள் இல்லாமலாவது வெளியிடுங்கள். மறைத்து வைக்க வேண்டியதைக் காட்சிப்படுத்தலாமா என்பதை ஐமாரா சமூகங்கள் சொல்லட்டும். வாங்கிய விதம் தெரிந்தால், அது சாராயப் புட்டியாகவே இருந்தாலும், சீட்டில் எழுதுங்கள். மேய்ப்பர்கள் வந்தால் கையுறை இல்லாமல் தொட விடுங்கள். கொக்கா வைக்க விடுங்கள். கேட்டால் கொடுத்துவிடுங்கள். பொலிவியாவின் லா பாஸ் நகரின் லினாரெஸ் தெருவில் இன்றும் புதிய இல்லாக்கள் விற்கின்றன. காட்சிக்கு ஒன்று வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்கலாம்.

இன்னொன்று, எளிய வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பராமரிப்புக் கூடத்தில் அந்த வெள்ளை லாமாவை மேசைமேல் எடுத்து வைக்கும்போது, அதன் முதுகில் இருக்கும் பழுப்பைத் தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்ற ஒருவர்