‘இன் யூட்டரோ’ ஒரு மரண வாக்குமூலமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இசைப் பக்கத்தில் அமெரிக்க ராக் இசைக்குழுவான நிர்வாணாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆல்டர்னேட்டிவ் ராக்குக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்தைப் பற்றி அதில் சொல்லப்பட்ட மூன்று விஷயங்களும் முப்பது வருஷமாக ஆளாளுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பவைதான். குழுவின் பாடகர் கர்ட் கோபேன் சாவதற்கு முன் விட்டுச்சென்ற கடைசி வாக்குமூலம் அது, ரெக்கார்ட் கம்பெனிக்காரர்கள் உள்ளே புகுந்து அதைக் கெடுத்துவிட்டார்கள், ஜனங்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இந்த மூன்றில் முதலாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது.

ஆல்பம் அமெரிக்காவில் வெளியானது 1993 செப்டம்பர் 21. கோபேன் இறந்தது 1994 ஏப்ரலில். இடையில் ஏழு மாதம்கூட இல்லாததால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது சுலபமாக இருக்கிறது. பாட்டுகள் எப்போது எழுதப்பட்டன என்று பார்த்தால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். ‘டம்’, ‘பென்னிராயல் டீ’, ‘ஆல் அபாலஜீஸ்’ மூன்றும் 1990 வாக்கில் பிறந்தவை. ‘ரேப் மீ’ 1991-இல் எழுதியது. அதாவது முந்தைய ஆல்பமான ‘நெவர்மைண்ட்’ வெளியாகி அவர்கள் உலகப் புகழ் அடைவதற்கு முன்பே, வேன் ஒன்றில் ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த காலத்துப் பாட்டுகள். ‘ஆல் அபாலஜீஸ்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு என்பதால் அதைக் கோபேன் உலகத்திடம் விடைபெற்ற பாட்டு என்று உருகி எழுதுகிறார்கள், உங்கள் கட்டுரையாளரும் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டின் முதல் டெமோ பதிவானது 1991 புத்தாண்டு தினத்தில், சியாட்டில் ஸ்டூடியோ ஒன்றில். மூன்று வருஷம் கழித்து நடக்கப்போகும் சாவுக்கு யாரும் முன்கூட்டியே விடைபெறுவதில்லை.

புதிதாக எழுதிய பாட்டுகளிலும் எல்லாமே அவருடைய சொந்தப் புலம்பல் கிடையாது. ‘சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்’ பாட்ரிக் சூஸ்கிண்ட் எழுதிய ‘பெர்ஃப்யூம்’ நாவலிலிருந்து வந்தது, அதில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு (ரிஃப்) டிரம்மர் டேவ் க்ரோல் கொண்டுவந்தது, பாட்டில் மூன்று பேருக்கும் பங்கு என்று ஆல்பத்திலேயே போட்டிருக்கிறார்கள். இன்னொரு பாட்டு ஃப்ரான்சிஸ் ஃபார்மர் என்ற பழைய ஹாலிவுட் நடிகைக்காக எழுதியது, சியாட்டிலில் பிறந்தவர், மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு அவதிப்பட்டவர். தன் பிரபலத்தையும் தன் அப்பாவையும் பற்றி கோபேன் நேரடியாகப் பேசும் பாட்டும் இருக்கிறது, முதல் பாட்டே அதுதான், ஆனால் அதில் இருப்பது அழுகை இல்லை, நக்கல்.

எதிர்த்தரப்பில் சொல்ல விஷயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘நான் என்னை வெறுக்கிறேன், சாக விரும்புகிறேன்’ என்ற பொருள்படும் தலைப்பைத்தான் கோபேன் முதலில் இந்த ஆல்பத்துக்கு வைக்க நினைத்தார். எல்லோரும் தன்னை எப்போதும் சோகமூஞ்சியாகவே பார்ப்பதைக் கிண்டல் செய்யும் ஜோக் அது என்று அவரே பேட்டிகளில் சொன்னார், ஆனால் யாராவது கேஸ் போட்டுவிடப் போகிறார்கள் என்று பேஸ் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக் தடுத்துவிட்டார். பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது அந்த ஜோக் நமக்குச் சிரிப்பை வரவைக்காதுதான். அவருடைய நோயும் போதைப் பழக்கமும் நிஜம், அதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனால் ஒரு மனிதர் துன்பத்தில் இருந்தார் என்பதும் அவர் செய்த வேலை முழுக்க அந்தத் துன்பத்தின் அறிகுறி என்பதும் ஒன்றாகிவிடுமா?

வேலை எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன், கட்டுரையில் அது இரண்டு வரியோடு போய்விட்டது. ‘நெவர்மைண்ட்’ தனக்குச் சங்கடமாக இருப்பதாகவும், அது பங்க் ஆல்பத்தைவிட மோட்லி க்ரூ என்ற பளபளப்பான மெட்டல் குழுவின் ஆல்பத்துக்குத்தான் நெருக்கம் என்றும் கோபேன் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அடுத்த ஆல்பத்துக்கு அவர்கள் தேடிப்போனது ரெக்கார்டிங் இன்ஜினியர் ஸ்டீவ் ஆல்பினியை. பிக்ஸிஸ் குழுவின் ‘சர்ஃபர் ரோசா’, தி ப்ரீடர்ஸ் குழுவின் ‘பாட்’ ஆல்பங்கள் இரண்டையும் பதிவு செய்தவர், இரண்டும் கோபேனுக்கு உயிர். ஆல்பினிக்கோ நிர்வாணா மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது, ஆர்.ஈ.எம். குழுவுக்குக் கரகரப்பு சேர்த்தால் நிர்வாணா என்கிற மாதிரி பேசியவர். அப்புறம் ஏன் ஒப்புக்கொண்டார் என்றால், இவர்கள் பெரிய கம்பெனியின் தயவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்களே என்று பரிதாபப்பட்டாராம்.

ரெக்கார்டிங் தொடங்கும் முன் அவர் குழுவுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். இசைத்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய கடிதம். ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால் எங்கேயோ யாரோ சொதப்புகிறார்கள் என்று அர்த்தம் என்கிறார். ராயல்டி வாங்க மறுக்கிறார், பாட்டு அந்தக் குழுவினுடையது, அது நன்றாக இருந்தால் பெருமை அவர்களுக்கு, மோசமாக இருந்தால் பழியும் அவர்களுக்கு, இதில் எனக்கு எதற்குப் பங்கு என்கிறார். பிளம்பருக்குக் கொடுப்பது போலக் கொடுங்கள், வேலையைச் செய்கிறேன், அதற்கான கூலியை வாங்கிக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான். முப்பது லட்சம் பிரதி விற்றால் சதவீதக் கணக்கில் தனக்குச் சுமார் 4 லட்சம் டாலர் வரும், அவ்வளவு பணத்தை வாங்கினால் தூக்கமே வராது என்றும் எழுதியிருக்கிறார். கடைசியில் அவர் வாங்கியது மொத்தமாக 1 லட்சம் டாலர். உலகமே காத்துக்கொண்டிருந்த ஒரு ஆல்பத்தின் ராயல்டியை இப்படி உதறிய இன்னொருவரை எனக்குத் தெரியாது.

1993 பிப்ரவரியில் மின்னசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், சுற்றிலும் பனி, பாக்கிடெர்ம் ஸ்டூடியோ. வேறொரு குழுவின் பெயரில் ஸ்டூடியோவை முன்பதிவு செய்துவிட்டுப் போய் இறங்கினார்கள். டிரம்ஸைச் சுற்றி ஆல்பினி முப்பது மைக்குகள்வரை வைத்தார் என்பார்கள், அந்த டிரம்ஸ் சத்தத்தில் அறையின் சுவர்களே கேட்கும். மூன்று பேரும் சேர்ந்து வாசித்ததை அப்படியே பதிவு செய்துவிட்டு, பாடுவதை கோபேன் பெரும்பாலும் ஒரே நாளில் முடித்தார். வெளியிலிருந்து வந்த ஒரே கலைஞர் செல்லோ வாசித்த கெரா ஷேலி. இரண்டே வாரத்தில், தனித்தனியாகப் பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் உட்பட எல்லாம் முடிந்தது, ஸ்டூடியோ செலவு 24,000 டாலர் மட்டுமே. அந்த நாட்களில் அவர்கள் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டும், ஊரில் உள்ள பிரபலங்களுக்கெல்லாம் போன் போட்டு ஏமாற்றி விளையாடிக்கொண்டும் இருந்தார்கள். சாவின் நிழலில் உட்கார்ந்து செய்த ஆல்பமாக இது எனக்குத் தெரியவில்லை.

இப்போது கம்பெனி கெடுத்த கதை. அவர்களுடைய ரெக்கார்ட் கம்பெனியான டிஜிசியில் இருந்தவர்களுக்கு ஆல்பம் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஏப்ரலில் ஆல்பினி ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழிடம் அதைப் போட்டு உடைத்தார், அடுத்து ‘நியூஸ்வீக்’ அதைப் பெரிதாக்கியது. கம்பெனிக்கும் குழுவுக்கும் மோதல், ஆல்பம் வெளிவருமா என்றே தெரியவில்லை என்கிற அளவுக்குப் போயிற்று. குழு என்ன செய்தது தெரியுமா? செய்தியைத் திரித்துவிட்டீர்கள் என்று ‘நியூஸ்வீக்’ ஆசிரியருக்கே கடிதம் எழுதி, அதை ‘பில்போர்ட்’ பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரமாகவும் போட்டார்கள். (ஆக, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் கெட்ட பழக்கம் இந்த ஆல்பத்தின் ரசிகர்களுக்கு மட்டும் உரியது இல்லை.)

அதைவிட முக்கியம், ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது சந்தேகம் வந்தது அந்த மூன்று பேருக்கே. பேஸ் சரியாகக் கேட்கவில்லை, குரல் அமுங்கிப் போயிருக்கிறது என்பது அவர்களுடைய குறை. மறுபடி மிக்ஸ் செய்து தருகிறீர்களா என்று ஆல்பினியைக் கேட்டார்கள், இதைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டார். அதன்பிறகு மாஸ்டரிங்கில், அதாவது கடைசிக்கட்ட ஒலி மெருகேற்றத்தில், இன்ஜினியர் பாப் லட்விக் பேஸையும் குரலையும் தூக்கிக்கொடுத்தார். ஆர்.ஈ.எம். ஆல்பங்களில் வேலை செய்த ஸ்காட் லிட்டை வைத்து ‘ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ இரண்டை மட்டும் மறுபடி மிக்ஸ் செய்தார்கள். ஆல்பத்தில் உள்ள பன்னிரண்டில் இரண்டு. இதற்குப் பெயர் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்றால், சொந்தப் பாட்டின் மீது ஒரு குழுவுக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஆகிவிடும். ஆல்பினிக்கு வருத்தம் இருந்தது, நியாயம்தான். இந்தச் சண்டைக்குப் பிறகு கொஞ்ச காலம் வேலை வறண்டுபோய்ப் பணத்துக்குச் சிரமப்பட்டதையும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார், அதை யாரும் எழுதுவதில்லை. 2024 மே மாதம் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில்கூட ராயல்டி மறுத்த கதைதான் எங்கும் இருந்தது.

ஜனங்கள் ஏற்கவில்லை என்பது கொஞ்சமும் பொருந்தாத பேச்சு. முதல் வாரத்தில் 1,80,000 பிரதிகள் விற்று ‘பில்போர்ட்’ பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. ‘ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்’ அமெரிக்காவில் தனி சிங்கிளாகக் கடைக்குக்கூட வரவில்லை, அப்படியிருந்தும் இது நடந்தது. அடுத்த மாதம் பேர்ல் ஜாம் என்ற இன்னொரு ராக் குழு வெளியிட்ட ‘வெர்சஸ்’ ஆல்பம் முதல் ஐந்து நாட்களில் சுமார் 9,50,000 விற்றது, அதோடு ஒப்பிட்டுத்தான் சிலர் இதைத் தோல்வி என்றார்கள். காதுக்கு இதமாகப் பளபளத்த ‘நெவர்மைண்ட்’ கேட்டு வந்த கூட்டத்தில் ஒரு பகுதி இந்த இரைச்சலைக் கேட்டுவிட்டுக் கழன்றுகொண்டிருக்கலாம், குழுவும் அதைத்தானே எதிர்பார்த்தது.

வால்மார்ட், கேமார்ட் என்ற அமெரிக்கச் சங்கிலிக் கடைகளில் இது விற்கப்படாமல் இருந்தது வேறு கதை. பின்னட்டையில் கோபேன் அடுக்கிவைத்துப் படமெடுக்கச் சொன்ன கருவிலுள்ள சிசு பொம்மைகளும், ‘ரேப் மீ’ என்ற தலைப்பும்தான் சிக்கல். அந்தப் பாட்டு வன்புணர்வுக்கு எதிரானது என்று கோபேன் எத்தனையோ முறை விளக்கியும் தலைப்பைத் தாண்டி யாரும் கேட்கத் தயாராக இல்லை. 1994 மார்ச்சில் படத்தை வெட்டி, தலைப்பை ‘வெயிஃப் மீ’ என்று மாற்றி அந்தக் கடைகளுக்கு மட்டும் ஒரு பதிப்பு போட்டார்கள். சமரசம் என்று திட்டுகிறவர்கள் திட்டட்டும். சிறு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு வாங்க வேறு கடை கிடையாது, தானும் அப்படி வாங்கி வளர்ந்தவன்தான் என்பது கோபேன் தரப்பில் சொல்லப்பட்ட காரணம், எனக்கு அது போதும்.

கட்டுரையாளரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 2013-இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் அந்த இரண்டு பாட்டுகளின் பழைய ஆல்பினி மிக்ஸும் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுவிட்டு, எது கெட்டுப்போனது என்று அவரே எழுதட்டும். ‘ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்’ லிட் கையில் மேலானது என்பேன், நடுவில் வரும் கிட்டார் சோலோவின் மேல் ஆல்பினி மிக்ஸில் இருந்த அந்த விசித்திரமான எஃபெக்டை எடுத்தது நல்ல காரியம். ‘ஆல் அபாலஜீஸ்’ விஷயத்தில் ஆல்பினி பக்கம்தான் நான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்