131 மணித்தியாலத்தில் நின்றுபோன எஞ்சின் பற்றிய புகார்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
2025.01.06

பொது முகாமையாளர்,
உழவு இயந்திர விற்பனைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

விடயம்: பழைய மெசினைத் தந்து மாற்றி வாங்கிய நாலு சில்லு இழுவை உழவு இயந்திரத்தின் எஞ்சின் பழுதும், உத்தரவாதம் மறுக்கப்பட்டதும்

நவம்பர் 20ஆம் திகதியிட்ட உங்கள் கடிதம் கிடைத்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்ததால் மகளைக் கொண்டு வாசிப்பித்தேன். ஓகஸ்டில் மெசினை விற்க வந்தபோது நீங்கள் தந்த துண்டுப்பிரசுரம் நல்ல தமிழில் இருந்தது. அதை ஒருமுறை சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

ரேடியேற்றர் அடைபட்டதாலும், அனுமதியில்லாத தண்ணீர் பாவித்ததாலும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாகிவிட்டது, அது பாவனையாளரின் கவனக்குறைவு, உத்தரவாதத்தில் அடங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். சூடேறியது என்பது பொய். தண்ணீர் விட்டது உண்மை, ஆனால் விடச் சொன்னது உங்கள் ஆள்.

நான் உங்களிடம் தந்தது மெசி பெர்குசன் 135. 1974இல் அப்பு மிளகாய்க் காசில் எடுத்தது. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் அரசாங்கம் தடுத்திருந்த அந்த நாலைந்து வருடத்தில்தான் இந்தப் பக்கத்துக் கமக்காரர் சிலர் மெசின் வாங்குமளவுக்கு வந்தார்கள். மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின், இரண்டரை லீற்றர், 45 குதிரைவலு. ரேர்போ இல்லை, வயரிங் என்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் சத்தம் மூன்று காணிக்கு அப்பால் கேட்கும்போதே அம்மா அடுப்பில் உலை வைப்பா. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் டீசல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து ஊற்றியிருக்கிறோம், இருமிக்கொண்டே உழுதது. 2009இல் போரின் கடைசியில் மாத்தளனில் அதை விட்டுவிட்டு நடந்தோம். மீளக் குடியமர்ந்த பிறகு வாகனக் குவியலுக்குள் சேசிஸ் இலக்கம் பார்த்துத் தேடி எடுத்து, கிராங்கை அரைத்து, பிஸ்ரனும் பெயரிங்கும் மாற்றி, திரும்ப வயலில் இறக்கினேன்.

இந்தக் கதை உங்கள் கோப்புக்குத் தேவையில்லை என்று தெரியும். ஆனால் கவனக்குறைவு என்று எழுதிய உங்கள் உத்தியோகத்தர், ஒரே எஞ்சினை 50 வருடம் உயிரோடு வைத்திருந்த வீட்டுக்குத்தான் அந்தக் கடிதத்தை அனுப்பினார் என்பது அவருக்குத் தெரியவேண்டும்.

அப்படியானால் ஏன் கொடுத்தாய் என்று மனைவியும் கேட்கிறா. மெசியில் பின்சில்லு இரண்டும்தான் இழுக்கும். எங்கள் வாய்க்காலின் கடைக்கோடிக் காணிகள் களி. ஒக்ரோபரில் இரண்டு மழை விழுந்தால் இரும்புச் சில்லு பூட்டினாலும் அச்சுவரை புதையும். அதை வெளியில் இழுக்க இன்னொரு மெசின் வேண்டும், அந்த மெசின்காரருக்குக் கூலி, அதோடு அவருடைய பகிடியையும் கேட்கவேண்டும். ரொட்டவேட்டர் பூட்டினால் மூச்சு வாங்கும். எனக்கும் 58 வயதாகிவிட்டது, அந்த ஸ்ரியறிங்கை முறிக்க வலது தோள் இப்போது விடுகிறதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் விற்பனைப் பிரதிநிதி முற்றத்துக்கு வந்தார். "ஐயா, முன்சில்லும் சேர்ந்து இழுக்கும், சேத்துக்க தவளை மாதிரிப் போகும். உங்கட மெசி கிழண்டிப் போச்சு, இன்னும் எத்தினை நாளைக்கு?" என்றார்.

நாலு சில்லு இழுவையைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. மெசி புதைந்த அதே இடத்தில் உங்கள் மெசின் நிற்காமல் போனது, பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. முன் அச்சிலோ, கியர் பெட்டியிலோ, ஹைட்ரோலிக்கிலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. என் புகார் எஞ்சினைப் பற்றியது மட்டும்.

விலை 58 இலட்சம். மெசிக்கு 17 இலட்சம் கழித்தீர்கள். கையில் 10 இலட்சம் கட்டினேன், அதில் பாதி நகை அடகு வைத்த காசு. மிச்சம் 31 இலட்சத்துக்கு 48 மாத லீசிங், மாதம் 91,500 ரூபா. உத்தரவாதம் இரண்டு வருடம் அல்லது 2,000 மணித்தியாலம். ஓகஸ்ட் 9ஆம் திகதி மெசின் வீட்டுக்கு வந்தது.

ஒக்ரோபர் 3ஆம் திகதி, 52 மணித்தியாலத்தில் முதல் சேர்விஸ். உங்கள் ஆட்களே வந்து ஒயிலும் பில்ரரும் மாற்றினார்கள். அந்த வேலைத்தாளில் ரேடியேற்றருக்கு எதிரே "சுத்தம், சரி" என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருக்கிறார்கள். பிரதி இத்துடன்.

ஒக்ரோபர் 14, 96 மணித்தியாலம். காலையில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் தண்ணீர் அரை லீற்றர் அளவு குறைந்திருந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. உங்கள் காட்சியறையில் வாங்கிய கூலன்ற் கான் வீட்டில் இருந்தது, அதை விட்டேன். அடுத்த நாளும் குறைந்தது. கான் முடிந்ததும் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பேசினேன். "புது எஞ்சின், காத்து வெளியேறும், பிறகு சரிவரும். இப்போதைக்கு நல்ல தண்ணி விடுங்கோ. சீசன் முடிய வந்து பாக்கிறம்" என்று பதில் வந்தது. 19ஆம் திகதி திரும்பவும் எடுத்தேன், அதே பதில். இரண்டு அழைப்பும் என் தொலைபேசியில் பதிவாகியிருக்கின்றன, உங்களிடமும் இருக்கும். இப்போது அந்தத் தண்ணீரைத்தான் "அனுமதியில்லாத தண்ணீர்" என்கிறீர்கள்.

ஒக்ரோபர் 23, 131 மணித்தியாலம். விடிய ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் கூடியிருந்தது. ஒயில் குறைவது வழக்கம், தானாகக் கூடுமா? கம்பியில் ஒட்டியிருந்தது பால் தேத்தண்ணி நிறம். அதற்குப் பிறகு நான் சாவியைத் திருப்பவில்லை. இதையும் கவனக்குறைவு என்று சொல்வீர்களோ தெரியாது.

உங்கள் தொழில்நுட்பவியலாளர் வந்தது 30ஆம் திகதி. ஏழு நாள். உழவுக் காலத்தில் ஏழு நாள் என்றால் என்ன என்று கொழும்பில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். வானம் ஒருபக்கம் கறுத்துக்கொண்டு வர, வரம்பில் நிற்கிற மெசினைப் பார்த்துக்கொண்டிருப்பது அது.

வந்த தம்பி வேலை தெரிந்தவர். ஒயிலை இறக்கினார், முதலில் தண்ணீரும் பிறகு பால் ஒயிலும் வந்தன. எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டை, சம்பைக் கழற்றினார். ரேடியேற்றரை நிரப்பிவிட்டு மெசினுக்குக் கீழே ரோச் அடித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கால்மணித்தியாலத்துக்குள் மூன்றாவது சிலிண்டர் லைனரின் (பிஸ்ரன் ஓடும் உள்குழாயின்) அடிப்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழத் தொடங்கியது. மற்ற லைனர்களின் அடி காய்ந்திருந்தது. "ஐயா, இது லைனர் ஓ-ரிங்" என்று அவரே சொன்னார். என் மகன் அதைத் தொலைபேசியில் படம் பிடித்திருக்கிறான். எங்கள் ஊர்க் கராச் பாஸும் பக்கத்தில் நின்றார். மெசினில் அவர் கை வைக்கவில்லை, உத்தரவாதம் போய்விடும் என்று நான்தான் தடுத்தேன்.

உங்கள் எஞ்சினில் இருப்பவை ஈர லைனர்கள். லைனரின் வெளிச்சுவரைத் தண்ணீர் நேராகத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தத் தண்ணீர் கீழே ஒயிலுக்குள் இறங்காமல் மறிப்பது லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையங்கள்தான். மெசியின் பேர்கின்ஸில் லைனர் பிளொக்கின் இரும்போடு இறுகி நிற்கும், தண்ணீர் அதைத் தொடுவதே இல்லை. ஈர லைனர் கூடாத வேலை என்று நான் சொல்லவில்லை. பெரிய லொறிகள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. சூட்டை நன்றாகக் கடத்தும், தேய்ந்தால் லைனரை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆனால் தொழிற்சாலையில் லைனரை இறக்கும்போது அந்த வளையம் முறுகினாலோ, விளிம்பில் பட்டு வெட்டுப்பட்டாலோ, நான் ரேடியேற்றரைப் பன்னீரால் கழுவினாலும் எஞ்சின் தப்பாது.

நவம்பர் 6ஆம் திகதி உங்கள் ஆட்கள் இரண்டாம் முறை வந்து எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். சூடேறிய எஞ்சினில் ஹெட் வளையும், அல்லது வெடிக்கும், கெஸ்கற் கருகும். அவர்களே நேர்மட்டம் வைத்து, இடையில் தகடு விட்டுப் பார்த்தார்கள். ஹெட் நேராக இருந்தது. கெஸ்கற் எந்த இடத்திலும் எரியவில்லை. வெப்பமானி முள் ஒருநாளும் நடுவைத் தாண்டவில்லை, எச்சரிக்கை மணி ஒருமுறையும் அடிக்கவில்லை. ரேடியேற்றர் அடைபட்டது என்கிறீர்கள். சூடு மிதித்து நெல் பிரிக்கிற காலத்தில் என்றால் வைக்கோல் தூசு அடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஒக்ரோபரில் ஈரச் சேற்றில் என்ன தூசு? ஹெட்டை ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுபோனவர்கள் இரண்டு கிழமையில் அனுப்பிய அறிக்கையில் ஓ-ரிங் என்ற சொல்லே இல்லை. சம்புக்குக் கீழே படுத்துக் கிடந்தவர் கண்டது, கொழும்பில் மேசையில் இருந்தவருக்கு மறைந்துவிட்டது. உண்மையைச் சொன்ன அந்தத் தம்பியைத் தண்டித்துவிடாதீர்கள்.

இதற்கு வழக்கறிஞரும் வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். மூன்றாவது லைனர் இன்னும் பிளொக்கில்தான் இருக்கிறது. என் முன்னால் அதை வெளியே இழுங்கள். ரப்பர் வளையங்கள் வெந்து இறுகி வெடித்திருந்தால் சூடுதான் காரணம், செலவு என்னுடையது. மெதுவாக இருந்து, வெட்டோ முறுக்கோ தெரிந்தால் செலவு உங்களுடையது. இதைத் தொலைபேசியிலும் இரண்டு தரம் கேட்டேன், "மேலிடத்தில் கேட்டுச் சொல்லுறம்" என்றார்கள்.

எனக்கு ஆறு ஏக்கர் வயல். ஒக்ரோபர் 25க்குள் விதைத்து முடிக்க நினைத்திருந்தேன். கூலிக்கு மெசின் தேடினால் எல்லாரும் தங்கள் தங்கள் வயலில். கடைசியில் கண்டாவளையிலிருந்து ஒருவர் வர ஒத்துக்கொண்டார். காலையில் சத்தம் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. படலைக்கு வெளியே வந்து நின்றது என் மெசி. நீங்கள் 17 இலட்சத்துக்கு எடுத்ததை அவருக்கு 22 இலட்சத்துக்கு விற்றிருக்கிறீர்கள், அது உங்கள் வியாபாரம், அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. மட்காட்டில் என் மகன் சின்ன வயதில் ஆணியால் கீறிய பெயர் அப்படியே இருந்தது. வழக்கம்போல இரண்டு இடத்தில் புதைந்தது, வழக்கம்போல வெளியில் வந்தது. என் மெசினுக்கு என் வயலில் ஏக்கருக்கு 18,000 ரூபா கூலி கொடுத்தேன்.

விதைத்து முடிய நவம்பர் 15 ஆகிவிட்டது. நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் உங்களுக்கும் செய்தியில் தெரிந்திருக்கும். பக்கத்துக் காணிக்காரர் ஒக்ரோபர் நடுப்பகுதியில் விதைத்தவர், அவருடைய பயிர் தலையை வெளியே வைத்துத் தப்பிவிட்டது. என்னுடையது பன்னிரண்டு நாள் முளை, நாலு ஏக்கர் அழுகிப் போனது. வெள்ளத்துக்கு நீங்கள் பொறுப்பு என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று கிழமைக்கு நீங்கள்தான் பொறுப்பு. அயல் காணிகளில் உழுதுதருவதாகச் சொல்லி வைத்திருந்த கூலி உழவும் கைவிட்டுப் போனது. லீசிங்காரருக்கு மட்டும் மாதம் பிந்தியதில்லை.

எனவே நான் கேட்பது இவ்வளவும்தான். லைனரை என் முன் எடுத்துப் பார்த்தபின் புது எஞ்சின் பூட்டித் தரவேண்டும். ஓ-ரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் போக விடமாட்டேன், தண்ணீர் கலந்த ஒயிலில் ஓடிய கிராங்கையும் பெயரிங்கையும் நான் நம்பத் தயாரில்லை. புது எஞ்சினுக்கு உத்தரவாதம் பூட்டிய நாளிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டும். நவம்பர், டிசம்பர், ஜனவரி லீசிங் காசு 274,500 ரூபாவும், நான் கொடுத்த உழவுக் கூலி 108,000 ரூபாவும் திருப்பித் தரவேண்டும். சிறுபோகக் கூட்டம் முடிந்து இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு முன் மெசின் ஓடவேண்டும்.

இது முடியாதென்றால் உங்கள் மெசினை எடுத்துக்கொண்டு என் மெசியைத் தாருங்கள் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். கண்டாவளைக்காரரிடமும் கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு, தரமாட்டேன் என்றார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் தந்திருக்கமாட்டேன். ஆகவே அந்தக் கோரிக்கையை நீக்கிவிட்டேன். மெசினைத் திருப்பி எடுப்பதென்றால் நான் கட்டிய காசு, மெசிக்குக் கழித்த 17 இலட்சம், லீசிங் நிலுவை எல்லாவற்றுக்கும் கணக்கு முடிக்கவேண்டும்.

14 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள், தமிழில். இல்லையெனில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வேன். வேலைத்தாள், அழைப்புப் பதிவு, ஒளிப்பதிவு எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

மெசின் மாலுக்குள் படங்கு போட்டு மூடியிருக்கிறது. சம்பை அப்படியே கழற்றிய நிலையில் வைத்திருக்கிறேன், ஆணிகள் ஒரு பால்மாப் பேணிக்குள் எண்ணிப் போட்டிருக்கின்றன. பிளொக்கின் தண்ணீர்த் துவாரத்தில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினால் மூன்றாவது லைனரின் அடியில் இன்றைக்கும் சொட்டும், நேற்றும் ஊற்றிப் பார்த்தேன். உங்கள் பொறியியலாளர் வருவதானால் முதல்நாளே சொல்லுங்கள். வெள்ளத்தில் வாய்க்கால் மதகு உடைந்துவிட்டது, வாகனம் சுற்றுப் பாதையால்தான் வரவேண்டும். சந்தியில் மகனை நிறுத்தி வைக்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
வாடிக்கையாளர்

பிரதி: முகாமையாளர், கிளிநொச்சிக் காட்சியறை