சொக்குவுக்கு மாவுக்கட்டு

காரைக்குடி

அன்புள்ள உமையாளுக்கு ஆத்தா எழுதுவது.

இங்கே அப்பச்சியும் நானும் சுகம். நீ அனுப்பிய எக்ஸ்ரேயைப் பார்த்தோம். பேரன் சொக்குவின் முதுகெலும்பு வளைவுக்கு உடம்பைச் சுற்றிப் போடுகிற மாவுக்கட்டுத்தான் என்று டாக்டர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். போனில் பேசினால் பாதி நேரம் அழுகையிலே போய்விடுகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். எலும்பு வார்டில் வேலை பார்த்தவள் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டு என்ன செய்கிறது என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பிறந்து முதல் இரண்டு மூன்று வருஷத்தில் முதுகெலும்பு வளர்கிற வேகம் பிறகு வருவதில்லை. வளைந்ததை அப்படியே விட்டால் வளைவும் கூடவே வளரும். திருகிக்கொண்ட எலும்பைத் திருப்பி, நீட்டி, அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டால் அதே வளர்ச்சி முதுகை நேராக்கிக் கொடுக்கும். இங்கிலாந்தில் ஸ்டான்மோர் ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் மின் மேத்தாதான் இந்த முறையை நிலைநாட்டியவர். 2005-ல் அவர் 136 பிள்ளைகளின் கணக்கை வெளியிட்டார். சராசரி ஒரு வயசு ஏழு மாசத்தில் கட்டுப் போடத் தொடங்கிய 94 பிள்ளைகளுக்கு வளைவு சரியாகிவிட்டது. சராசரி இரண்டரை வயசில், வளைவு முற்றிய பிறகு வந்த 42 பேருக்குக் குறைந்ததே தவிர முழுக்கப் போகவில்லை. சொக்குவுக்கு இப்போது பதினெட்டு மாசம். "இன்னும் ஆறு மாசம் பார்க்கலாமே" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே.

வளர்ச்சிதான் வேலை செய்கிறது என்றால், அவன் ஓடவேண்டும், சாப்பிடவேண்டும், தூங்கவேண்டும். பாவம் என்று நாள் முழுக்க மடியிலே வைத்துக்கொள்வது சிகிச்சைக்கு உதவாது. பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். பழக நாள் ஆவது நமக்குத்தான்.

போவதற்கு முன்னால் செய்யவேண்டியவை. அரைஞாண், கொலுசு, தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிடு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது உலோகம் கூடாது. கட்டுக்கு உள்ளே கயிறு மாட்டிக்கொண்டால் இரண்டு மாசம் ஒரே இடத்தில் அழுத்தித் தோலை அறுத்துவிடும். கறுப்புக் கயிறுதானே என்று உன் மாமியார் கட்டச் சொன்னால் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம் என்று சொல். குன்றக்குடி மொட்டை நேர்த்திக்கடனை இப்போதே முடித்துவிடுங்கள். கட்டுப் போட்ட பிறகு மழித்தால் வெட்டிய முடி கழுத்து வழியாக உள்ளே இறங்கும், எடுக்கவே முடியாது. அரிப்பில் பிள்ளை தவித்துப்போகும். மொட்டைத் தலை வெயிலுக்கும் நல்லது. விரல் நகத்தை ஒட்ட வெட்டிவிடு. கட்டுக்கு முதல் நாள் குளிப்பாட்டும்போது எண்ணெய், பவுடர், லோஷன் ஒன்றும் வேண்டாம், தோல் சுத்தமாக வறண்டிருக்கட்டும்.

பிள்ளை அசையாமல் இருக்கவேண்டும் என்பதால் முழு மயக்கம் கொடுத்துத்தான் கட்டுவார்கள். வழக்கமாகக் கெட்டி உணவும் பசும்பாலும் ஆறு மணி நேரம் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள், தாய்ப்பாலுக்கும் தண்ணீருக்கும் குறைந்த நேரம். அங்கே மயக்க மருந்து டாக்டர் சொல்கிற நேரமே கணக்கு. காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேள், பசியோடு காத்திருப்பது குறையும். உள்ளே ஒரு தனிச் சட்டகத்தில் படுக்கவைத்துத் தலையையும் இடுப்பையும் மெல்ல இழுத்துப் பிடித்து, ஒட்டிய பனியன், பஞ்சுச் சுருள், அதன்மேல் மாவு என்று சுற்றுவார்கள். முன்பக்கம் நெஞ்சும் வயிறும் விரிவதற்குப் பெரிய ஓட்டை ஒன்று வெட்டுவார்கள். முதுகில் குழிந்த பக்கத்திலும் ஓர் ஓட்டை இருக்கும், குழிந்த இடம் அது வழியாகத்தான் வெளியே வரும். அதை "காற்றோட்டத்துக்கு" என்று நினைத்துக்கொண்டு, குளிருமே என்று பஞ்சு வைத்து அடைத்துவிடாதே.

மாவாக இருந்தால் முழுக்கக் காய ஒன்று இரண்டு நாள் ஆகும். அதுவரை விரல் நுனியால் பிடிக்கக் கூடாது, உள்ளங்கையால் ஏந்து. விரல் பதிந்த பள்ளம் உள்ளே முண்டாக நின்று தோலைப் புண்ணாக்கும். இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவை. ஃபைபர் கட்டு என்றால் சீக்கிரம் காயும், எடையும் குறைவு. முதல் இரண்டு மூன்று ராத்திரி சிணுங்கத்தான் செய்வான். வலி மருந்தை அவர்கள் எழுதிய அளவில் நேரம் தவறாமல் கொடு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஓரங்கள். அக்குள், கழுத்து, தொடை மடிப்பு, இந்த மூன்று இடத்திலும் கட்டின் விளிம்பைத் தடவிப் பார், சொரசொரவென்றிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் நீர்புகாத பிளாஸ்திரியை இரண்டங்குல நீளத் துண்டுகளாக வெட்டி, முனைகளை வட்டமாக நறுக்கி, ஒரு பாதி உள்ளே, மறு பாதி வெளியே வருமாறு ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டிக்கொண்டே போ. முனை கூராக இருந்தால் சுருண்டு உரிந்துவிடும். அழுக்கானால் மேலுள்ளதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

டயப்பர்தான் பெரிய தலைவலி. கட்டு ஒருமுறை மூத்திரத்தில் ஊறினால் பஞ்சு அதை மேலே உறிஞ்சிக்கொண்டு போகும். நாற்றமும் புண்ணும் அப்படித்தான் வருகின்றன. அவன் போடுகிற அளவைவிட ஒரு அளவு சின்னதை, பக்கவாட்டில் ஒட்டுகிற வகையாக எடு. முன்னும் பின்னும் கட்டின் விளிம்புக்கு உள்ளே சுருக்கமில்லாமல் செருகு. ஆண்பிள்ளை, கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து ஒட்டு. மேல்நோக்கி இருந்தால் நேராகக் கட்டுக்குள்தான் பாயும். ராத்திரிக்கு அதன்மேல் ஒரு அளவு பெரிய டயப்பரைக் கட்டின் ஓரத்தையும் மூடும்படி போடு. தலைப்பக்கம் மெத்தைக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்துக் கொஞ்சம் உயர்த்தினால் ஈரம் கீழ்நோக்கிப் போகும். பகலில் இரண்டு மணிக்கொரு முறையும் ராத்திரி மூன்று நான்கு மணிக்கொரு முறையும் பார்த்துவிடு. மலம் போனால் உடனே. டயப்பர் புண்ணுக்குக் களிம்பு போடலாம், ஆனால் கட்டுக்கு வெளியே தெரிகிற தோலில் மட்டும்.

குளியல் ஈரத்துணிதான். துணியை நன்றாகப் பிழிந்து முகம், கழுத்து, கை, கால், ஓட்டை வழியே தெரிகிற தோல், இவற்றைத் துடைத்து உடனே காய்ந்த துண்டால் ஒற்றிவிடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டுமென்றால் கழுத்தைச் சுற்றித் துண்டும் அதன்மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளும் சுற்றி, மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை மட்டும் வாளிக்கு மேலே நீட்டிப் பிடி. ஒருவர் பிடிக்க, ஒருவர் ஊற்ற, இரண்டு பேர் வேண்டும்.

இந்த ஊர் சித்திரை வெயில் உனக்கே தெரியும். வேர்வைதான் இங்கே எதிரி. கட்டுக்குமேல் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். மேசை மின்விசிறியைக் கழுத்துப் பக்கமாகவும் முதுகு ஓட்டைப் பக்கமாகவும் திருப்பி வை. முடி உலர்த்துகிற கருவி இருந்தால் குளிர்காற்றில் மட்டும் வைத்து ஓர வழியாக ஊது. சூடாக ஊதினால் உள்ளே தோல் வெந்துவிடும், அவனுக்குச் சொல்லவும் தெரியாது. அரித்தால் கட்டின்மேல் விரலால் தட்டு. ஸ்கேல், விசிறிக் காம்பு, பென்சில் எதையும் உள்ளே விடக் கூடாது. வேர்வை வாடை வரத்தான் செய்யும், அதற்குப் பயப்படாதே. பவுடர் கொட்டினால் வேர்வையில் கட்டிகட்டியாகித் தோலை உரசும். விபூதிக்கும் இதுவே கதி. பிள்ளையார்பட்டி போய்வருகிறவர்கள் ஆசையாக நெற்றியில் அள்ளிப் பூசுவார்கள், மீதி முழுக்கக் கழுத்துக்குள்ளேதான் இறங்கும். ஒரு விரல் தொட்டு வைத்தால் போதும் என்று நீயே முந்திக்கொண்டு வைத்துவிடு.

அதைவிட மோசம் முறுக்குத் தூள். தேன்குழலும் சீப்புச்சீடையும் கையில் கொடுத்தால் பாதி வாய்க்கும் பாதி கட்டுக்கும் போகும், ராத்திரி எறும்பு வரும். சாப்பிடும்போது கட்டுக்குமேல் பெரிய சட்டையை மாட்டி, கழுத்தைச் சுற்றி ஒரு சின்னத் துண்டைச் செருகிவிடு, முடிந்ததும் துண்டை உருவி உதறு. சாப்பிட்ட பிறகு கழுத்து ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிடு.

வயிறு முன்னைப்போல உப்ப இடமில்லை. மூன்று வேளையை ஐந்தாறு சின்ன வேளையாகப் பிரி. இடியாப்பம், இட்லி, குழைந்த பருப்புச் சோறு எல்லாம் சரிப்படும். தண்ணீர் நிறையக் கொடு, மலச்சிக்கல் வந்தால் கட்டு இன்னும் இறுக்குகிறது போலிருக்கும். ஊறவைத்த உலர்திராட்சையை மசித்துக் கொடு. முழுத் திராட்சை, கடலை வேண்டவே வேண்டாம். தொண்டையில் அடைத்தால் முதுகில் தட்டுவது கட்டுக்குமேல் சரியாகப் படாது. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை ஆஸ்பத்திரியிலேயே செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டு வா.

நடை. உடம்பு மரக்கட்டையாக நிற்பதால் முதலில் தடுமாறுவான். விழும்போது வளைந்து சுருண்டு விழ முடியாது, நேராக முகம் அடிபட விழுவான். இங்கே ஆத்தங்குடிக் கல் தரை வழுவழுவென்று இருக்கும், ஈரம் பட்டால் கேட்கவே வேண்டாம். காலுறை போடாமல் வெறுங்காலோடு விடு, பிடி கிடைக்கும். வளவில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் ஓடட்டும். ஆனால் முற்றத்து இறக்கத்துக்கும் வீட்டின் இரண்டாம் கட்டு நிலைப்படிக்கும் அப்பச்சி பலகை அடித்துத் தடுத்து வைத்திருக்கிறார். படுத்திருந்து எழுவதை நீதான் சொல்லிக்கொடுக்கவேண்டும்: முதலில் ஒருக்களித்துப் புரளவை, முழங்கையை ஊன்றவை, பிறகு முழங்கால், பிறகு முக்காலியைப் பிடித்து நிற்கவை. விளையாட்டுச் சாமானைத் தரையில் பரப்பாதே. அவன் நெஞ்சு உயரத்துக்கு ஒரு முக்காலியில் வைத்தால் நின்றபடியே விளையாடுவான், நிற்பதும் பழகும். மணலும் செம்மண்ணும் மட்டும் இந்தக் கட்டுக் காலம் முடியும்வரை வேண்டாம்.

தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதே. ஒரு கை குண்டிக்கு அடியில், ஒரு கை முதுகில். தூளி வேண்டாம் உமையா, உனக்கு ஆசையாகத்தான் இருக்கும். துணி வளைகிறது, கட்டு வளையாது, அதனால் ஓரமெல்லாம் தாடையிலும் தொடையிலும் குத்தும், காற்றும் போகாது. தரையில் மெல்லிய மெத்தைதான் சரி.

தினமும் காலையும் மாலையும் விளிம்போரத் தோலைப் பார், கால்விரலைத் தொட்டுப் பார். இந்த அறிகுறிகளில் எது வந்தாலும் காத்திராதே: பச்சையாகத் திரும்பத் திரும்ப வாந்தி, வயிறு வீங்கிக் கல்லாக இருப்பது (கட்டு அழுத்திக் குடல் வழி அடைபடும்), மூச்சு வாங்குவது, விரல் நீலமாகவோ சில்லென்றோ இருப்பது, கால் துவள்வது, காரணமில்லாத காய்ச்சல், அழுகின வாடை, கட்டின்மேல் புதுக் கறை, ஒரே இடத்தைக் காட்டி அடங்காத அழுகை. வீட்டில் கத்தியோ கத்தரியோ வைத்து வெட்டிவிடாதீர்கள். மூச்சோ வாந்தியோ என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போங்கள், எலும்பு டாக்டர் இருக்கிற இடத்தில் கட்டு வெட்டும் ரம்பம் இருக்கும். என்ன கட்டு, எதற்காக, யாரைக் கூப்பிடவேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்.

இரண்டு வயசுவரை ஏறக்குறைய இரண்டு மாசத்துக்கு ஒருமுறை கட்டு மாற்றுவார்கள், அதன்பின் மூன்று மாசம், பிறகு நான்கு. கடைசியில் கழற்றி மாட்டுகிற பிரேஸ். கட்டு வெட்டும் ரம்பம் சுற்றாது, அதிரும், கெட்டியானதைத்தான் வெட்டும். சத்தம்தான் பயமுறுத்தும், காதைப் பொத்திக்கொண்டு மடியில் உட்காரவை. முதல் நாள் மாலையே பழைய கட்டை எடுத்துவிட்டு மறுநாள் புதிதாகப் போட முடியுமா என்று கேட்டுப் பார், சில இடங்களில் சம்மதிப்பார்கள். அந்த ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஆற அமரக் குளிக்கட்டும். உரிகிற தோலைத் தேய்க்காதே. அன்றைக்கும் எண்ணெய் கிடையாது.

இங்கே வருவதற்கு, கட்டுப் போட்டு இரண்டு வாரமாவது போகட்டும். பகல் வண்டியில் உட்கார்ந்து வராமல் இரவு ராமேசுவரம் வண்டியில் ஏ.சி. கீழ்ப்படுக்கை எடுங்கள். வரும்போது ஒட்டுகிற வகைச் சின்ன டயப்பரை அங்கேயே நிறைய வாங்கிக்கொண்டு வா. நம்மூர்க் கடையில் கேட்டால் ஜட்டிபோல் மாட்டுகிற வகையைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆத்தா