மாடிப்படியைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மேற்படிப்பு வழிகாட்டி இணைப்பைப் படித்தேன். கலந்தாய்வு, கல்விக் கடன், விடுதி என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில், ஒரு பயிற்சி மைய விளம்பரத்தின் தலைமாட்டில், கட்டம் கட்டி எங்களுக்கும் நாலு வரி. "மாற்றுத்திறனாளி மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன், தங்களுக்கு ஏற்ற வசதிகள் கல்லூரியில் உள்ளனவா என்று நேரில் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது." எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். கெட்ட எண்ணத்தில் எழுதியிருந்தால் மனத்துக்குள் திட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

அந்த யோசனையை 1981இலேயே கேட்டு நடந்தவள் நான். சிறு வயதில் போலியோ, வலது காலில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் உலோகச் சட்டம். பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மதிப்பெண். அப்பா பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய், நீங்கள் சொல்கிறபடியே, நேரில் பார்த்து உறுதிசெய்துகொண்டு வந்தார். வேதியியல் துறை இரண்டாவது மாடியில் இருந்தது. வரலாற்றுத் துறை தரைத்தளத்தில், வாசலை ஒட்டி. ஆகவே நான் வரலாறு படித்தேன். பிறகு பணி ஓய்வு பெறும்வரை பள்ளியில் வரலாறு நடத்தினேன். "ஏன் டீச்சர் வரலாறு எடுத்தீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் சோழர்கள்மீது பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

அப்போது எங்களுக்கென்று ஒரு சட்டம் இல்லை, அதனால் அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. இப்போது இருக்கிறதே! முதலில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. தங்களுக்குத் தெரியாததல்ல. அரசு நிதி பெறும் கல்லூரியோ அங்கீகாரம் மட்டும் பெற்ற கல்லூரியோ, பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தையும் வளாகத்தையும் எல்லோரும் புழங்கும்படி ஆக்க வேண்டும், அவரவர் தேவைக்கேற்ற ஏற்பாட்டைச் செய்துதர வேண்டும் என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்பது 32ஆவது பிரிவு. பழைய கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்தாண்டு அவகாசம் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. ஆக, உறுதிசெய்துகொள்ள வேண்டியது கல்லூரி. நீங்களோ அந்த வேலையைப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

நேரில் போய்ப் பார்த்தால் எல்லாம் இருக்கும், ஆசிரியரே. அதுதான் வேடிக்கை. என் தம்பி மகனைச் சேர்க்க அரசு உதவி பெறும் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தோம். அவனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, எனக்குக் கால். ஆளுக்கொரு குறையைச் சரிபார்த்துக்கொள்ள வசதியான ஜோடி. வாசலில் சாய்வுதளம் இருந்தது, சக்கர நாற்காலிப் படம்கூட நீல நிறத்தில் வரைந்திருந்தார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அரசு வகுத்துள்ள அளவு. அந்தத் தரை இரண்டடி உயரம். சாய்வுதளம் எட்டடி இருந்தால் அதிகம். அதில் சக்கர நாற்காலி ஏறாது, மோட்டார் சைக்கிள் ஏறும். ஏறியிருந்தது. மேலே வரிசையாக வண்டிகள், அவற்றுக்குப் பின்னால் பூட்டிய இரும்புக் கதவு. சாவி யாரிடம் என்று கேட்டேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தபோது திறந்ததாகக் காவலாளி சொன்னார். மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையில் துடைப்பமும் பினாயில் கேனும் பத்திரமாக இருந்தன. லிப்டில் 'ஆசிரியர்களுக்கு மட்டும்' என்று பலகை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

இருந்தும் சேர்த்தோம். பையன் கெட்டிக்காரன், அரசியல் அறிவியல். பாடப் புத்தகம் எதுவும் கைபேசி வாசித்துக் காட்டும் வடிவில் கிடைக்காது. நானும் அவன் அம்மாவும் மாற்றி மாற்றிப் படித்துப் பதிவு செய்து கொடுப்போம். அதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. சொல்ல வந்தது பருவத் தேர்வைப் பற்றி.

தேர்வில் அவன் சொல்லும் விடைகளை எழுதுபவரைத் தேர்வு நடத்துகிறவர்களிடமே கேட்டு வாங்கலாம், சொந்தமாகவும் அழைத்துவரலாம். எது என்பது தேர்வரின் விருப்பம் என்றன மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டு நெறிகள். கல்லூரித் தேர்வுப் பிரிவு, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது. சொந்தமாக அழைத்துவந்தால், எழுதுபவர் தேர்வரைவிட ஒரு படி கீழே படித்தவராக இருக்க வேண்டும் என்றும் அந்த நெறிகளில் இருந்தது. எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பையனைக் கெஞ்சி அழைத்துப் போனோம். அரசியல் சிந்தனைத் தாள். ரூசோவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம், அவன் கணக்குப் பிரிவு.

மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் என்பதும் அதே நெறிகளில் இருந்ததுதான். மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். பகல் ஒரு மணிக்கு மற்ற மாணவர்கள் எழுந்தார்கள். கண்காணிப்பாளர் இவர்கள் மேசைக்கு வந்து, கையெழுத்துப் பதிவேட்டை விரித்துவைத்து, "தம்பி, சீக்கிரம் முடிங்க, அறையைப் பூட்டணும்" என்றாராம். இவன் விதியைச் சொன்னான். "எனக்கு உத்தரவு வரலையே" என்று, பேனா தாளில் இருக்கும்போதே விடைத்தாளை இழுத்திருக்கிறார். தாளின் குறுக்கே நீளமாகக் கோடு விழுந்த சத்தத்தை அவன் எனக்கு வர்ணித்தான். கடைசிக் கேள்வி பாதியில் நின்றது. மனு கொடுத்தோம். "இனிமேல் கவனித்துக்கொள்கிறோம்" என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. மதிப்பெண் வந்ததைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

இது ஏதோ எங்கள் ஊர்க் கண்காணிப்பாளரின் அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். நீட் தேர்விலேயே ஒரு மாணவிக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் தராமல் தாளை வாங்கிவிட்டார்கள். அது தவறு என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்வதை எழுத ஆள் கேட்டுத் தொடுத்த வழக்கில், தேவையான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று இதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இரண்டும் தங்கள் நாளிதழில் வந்தனவா என்று தேடிப் பார்த்தேன். வந்திருக்கலாம். என் கண்ணில் பட்டது வேறு. சக்கர நாற்காலியோடு ஒரு மாணவியை நான்கு மாணவர்கள் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் படத்தை முதல் பக்கத்தில், வண்ணத்தில் போட்டிருந்தீர்கள். நட்புக்கு இலக்கணம் என்று கீழே ஒரு வரி. அந்தக் கல்லூரி ஏன் அவள் வகுப்பைக் கீழே மாற்றவில்லை என்று தங்கள் நிருபருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தினமும் நான்கு பேர் தோளில் ஏறிப் போகப் பிடித்திருந்ததா என்றும் கேட்கவில்லை. கழிப்பறைக்கு எப்படிப் போகிறாள் என்பதை விட்டுவிடுவோம்; காலை நேரத்தில் படிக்கிற பத்திரிகை.

சட்டத்தை மீறினால் தண்டனை உண்டே என்பீர்கள். உண்டு. முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கல்லூரி ஆண்டு விழா பேனருக்கே அதைவிட அதிகம் ஆகும். மறுபடியும் மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. மறுபடியும் என்று சொல்ல முதலாவது ஒன்று வேண்டுமே. எங்கள் வட்டாரத்தில் எந்தக் கல்லூரியாவது அப்படி அபராதம் கட்டியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

தங்களிடம் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இணைப்பில் அந்தக் கட்டத்தில் 16, 32 ஆகிய இரண்டு பிரிவுகளையும், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம் என்பதையும் போடுங்கள். இடம் பற்றாது என்றால் பயிற்சி மைய விளம்பரத்தைக் கொஞ்சம் கீழே தள்ளலாம். தங்கள் இணைப்பில் முழுப்பக்க விளம்பரம் தரும் கல்லூரிகளிடம், 'எங்கள் கல்லூரியில் லிப்ட் உண்டு, மாணவர்களும் ஏறலாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லவும் முடிந்தால் நல்லது, கட்டாயமில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாடுதுறை.

பி.கு.: தங்கள் மின்னிதழ் முழுவதும் படமாக வருகிறது. என் தம்பி மகனின் கைபேசி அதில் ஒரு சொல்லைக்கூட வாசிப்பதில்லை. செய்திகளை எழுத்து வடிவிலும் தர இயலுமா என்று தொழில்நுட்பப் பிரிவில் விசாரித்துச் சொல்லவும்.