லாவே என்ற ஊர்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, கைபிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறா. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று கேட்ட பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

போன மாதம் நீ வந்து நின்றபோது லொஃப்டைத் துப்புரவாக்கினாய். தூசி பிடித்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, "அப்பா, இதை எறியட்டா?" என்று கேட்டாய். நான் "விடு, அது கிடக்கட்டும்" என்றேன். "வெறும் கேம்தானே" என்றாய். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் கதை அதோடு நின்றது. எனக்குள் மட்டும் அது நிற்கவில்லை. தொலைபேசியில் இரண்டு தரம் சொல்லத் தொடங்கினேன், வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது 'எலீட்'. 1984 செப்டெம்பரில் வெளிவந்த விளையாட்டு. டேவிட் பிரேபன், இயன் பெல் என்று கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெடியன்கள் செய்தது. பிபிசி மைக்ரோ என்ற கொம்பியூட்டருக்காக அக்கோர்ன்சொஃப்ட் வெளியிட்டது. அந்தக் கொம்பியூட்டரின் நினைவகம் எல்லாமாக 32 கிலோபைட். நீ நேற்று அனுப்பிய சின்னவனின் ஒரேயொரு படத்துக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த 32க்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு ஆட்சிமுறை, ஒரு சந்தை.

அதே வருடம் தை மாதம்தான் நான் லண்டனுக்கு வந்து இறங்கினேன். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு என்னை ஊரில் வைத்திருக்க அப்பம்மாவுக்கு மனமில்லை. டூட்டிங்கில் சின்னம்மா வீடு. அவவின் மகனான உன் சித்தப்பாவின் அறையில் நிலத்தில் ஒரு மெத்தை. பகலில் கொலிஜ், வெள்ளியும் சனியும் இரவில் பெற்றோல் ஸ்டேஷன். சித்தப்பாவுக்கு அப்போது 11 வயது. தமிழ் கேட்டால் விளங்கும், பேசமாட்டான். எனக்கோ ஆங்கிலம் வாசிக்க வரும், வாயைத் திறந்தால் சொல் தொண்டையில் நிற்கும். ஒரே அறையில் கிட்டத்தட்ட ஒரு வருடம் இரண்டு ஊமைகள்போல இருந்தோம். அவன் என்னை வெறுக்கவில்லை. என்னோடு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருட நத்தாருக்குச் சின்னம்மா அவனுக்கு எலீட் கசெட் வாங்கிக் கொடுத்தா. 15 பவுண் வரும். அந்த வீட்டில் அது ஒரு கிழமை மரக்கறிக் காசு. கசெட்டை ரெக்கோடரில் போட்டுவிட்டு, கீச்சுக் கீச்சென்ற சத்தம் முடியும்வரை சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் ஆன ஒரு கப்பல் மெல்லச் சுழன்றபடி வரும். உள்ளே எதுவும் நிரப்பப்படாத, வெறும் கோட்டுக் கப்பல். நான் மெத்தையில் இருந்து எழும்பி அவனுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அந்தக் காலத்து விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. மூன்று உயிர் தருவார்கள், சுடவேண்டும், புள்ளி ஏறும், பத்து நிமிடத்தில் முடியும். எலீட்டை முதலில் பார்த்த ஒரு நிறுவனம் அப்படி இல்லையே என்றுதான் வேண்டாம் என்றதாம். எலீட் உன்னை லாவே என்ற உலகத்தின் நிலையத்தில் விடும். கையில் 100 கிரெடிட், 20 தொன் கொள்ளும் ஒரு கப்பல், 7 ஒளியாண்டுக்கு எரிபொருள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாது. எங்கே போ, யாரைக் கொல், எதை மீட்டு வா, எதுவும் இல்லை. வியாபாரம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், கொள்ளையரைப் பிடித்துப் பிழைக்கலாம், விண்கற்களை உடைக்கலாம். நிலையத்துக்குள் சும்மாவே இருந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிள்ளை, எனக்கு அப்போது இருபது வயது. அந்த வயதுக்குள் நான் எங்கே போகவேண்டும், எந்த வீதியால் போகக்கூடாது, எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும் என்பதையெல்லாம் மற்றவர்கள்தான் தீர்மானித்தார்கள். வரைபடத்தைத் திறந்து, விரும்பிய புள்ளியில் குறியை வைத்து, நான் நினைத்தபடி போன முதல் பயணம் அந்த அறையில்தான் நடந்தது.

வியாபாரம் எனக்கு உடனே பிடிபட்டது. அப்பப்பா சந்தையில் புகையிலை விற்றவரல்லவா. லாவே விவசாய உலகம், அங்கே உணவு ஒரு தொன் 4 கிரெடிட்டுக்குள் கிடைக்கும். பக்கத்தில் சயோன்ஸ், அது தொழிற்சாலை உலகம். அங்கே அதே தொன் 7க்குக் கிட்டப் போகும். கிடைக்கிற அளவை ஏற்றிக்கொண்டு போனால் போட்ட காசு கிட்டத்தட்ட இரட்டிப்பு. திரும்பும்போது அங்கே 67 கிரெடிட்டளவில் விற்கும் கொம்பியூட்டர்களை வாங்கிவந்தால் லாவேயில் 90 அளவில் விலை. முதல் தடவை இரண்டுதான் வாங்கக் காசு இருக்கும். பல தரம் போய்வந்தால் கப்பல் நிறைய ஏற்றலாம். இதையெல்லாம் நான் ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். உலகத்தின் பெயர், பொருள், வாங்கிய விலை, விற்ற விலை, எல்லாம் தமிழில். அந்தப் பட்டியலில் போதைப்பொருளும் உண்டு, அடிமைகளும் உண்டு. மனிதரைத் தொன் கணக்கில் விலை போட்டிருந்த அந்த வரியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. சித்தப்பா ஒருமுறை ஆசைப்பட்டான், இலாபம் கூட என்று. நான் அவன் கையைப் பிடித்து வேறு வரிக்கு நகர்த்தினேன். ஏன் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் காணவில்லை. அவன் திரும்பக் கேட்கவும் இல்லை.

வியாபாரம் எனக்கு வந்தது, ஓட்டம் அவனுக்கு வந்தது. நிலையத்துக்குள் நுழைவதுதான் அந்த விளையாட்டின் பெரிய கண்டம். நிலையம் தன்பாட்டில் உருண்டுகொண்டே இருக்கும். அதன் ஒரு முகத்தில் ஒடுக்கமான ஒரு வாசல். முதலில் அந்த முகத்துக்கு நேர் எதிரே போய்த் திரும்பி நிற்கவேண்டும். பிறகு நிலையம் உருளும் வேகத்துக்கே நீயும் உருண்டு, வாசல் உன் கண்ணுக்குப் படுக்கைக் கோடாக நிற்கும்போது உள்ளே போகவேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் போச்சு, கப்பலும் சரக்கும் தூள். நிலையத்துக்குள் போனால்தான் சேமிக்கலாம் என்பதால் அந்த நாள் உழைப்பு முழுவதும் அந்த வாசலில் தொங்கும்.

நான் முதல் கிழமை முழுக்க மோதினேன். ஒரு இரவு நல்லாகச் சம்பாதித்து வந்து வாசலை நோக்கித் திரும்பினேன். சித்தப்பா எனக்குப் பின்னால் வந்து, விசைப்பலகையில் இருந்த என் விரல்களுக்கு மேலே தன் விரல்களை வைத்தான். குளிர்ந்த சின்ன விரல்கள். உருளுவதற்கு இரண்டு விசை, மேலும் கீழும் மூக்கைத் தூக்க எஸ்சும் எக்ஸும். ஒவ்வொன்றையும் என் விரலால் அமத்தி அமத்திக் காட்டினான். வாசல் மெல்ல மெல்ல நேரானது. நான் அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டப் போனேன். "மெதுவா, அண்ணா" என்றான்.

அவன் என்னோடு பேசிய முதல் தமிழ் அது. நாங்கள் உள்ளே போனோம்.

அடுத்த நாள் கொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் எது லாவே என்று கேட்டான். அதற்குப் பிறகு நடந்ததைச் சின்னம்மா கடைசிவரை நம்பவில்லை. அரிச்சுவடியை வைத்துக்கொண்டு மூன்று வருடம் அவனோடு மல்லுக்கட்டியவ அவ. ஆனால் எலீட்டின் பெயர்கள் எப்படிச் செய்யப்பட்டவை தெரியுமா? இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளாக ஒரு சின்னப் பட்டியல். அதில் இருந்து துண்டுகளை எடுத்துக் கோத்தால் ஒரு ஊர். லா, வே. டி, சோ. பெரும்பாலான துண்டுகள் மெய்யும் உயிரும் சேர்ந்து நிற்கும். தமிழில் எழுதினால் ஒரு துண்டுக்கு ஒரு உயிர்மெய் எழுத்து. அதைச் செய்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, இடம் மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார்கள். எனக்கோ பள்ளிக்கூடத்து மண்ணில் விரலால் எழுதிய எழுத்துகளே விண்மீன்களுக்குப் பெயராகி வந்ததுபோல இருந்தது. தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் இடையில் அவன் கொப்பி முழுவதையும் தானே வாசித்தான்.

அந்த 2048 உலகங்களும் எங்கே வைக்கப்பட்டிருந்தன என்று நான் அப்போது யோசித்துக் களைத்தேன். எங்கேயும் வைக்கப்படவில்லை. பிறகு இயன் பெல் தன் இணையத்தளத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் முழுதாக விளங்கியது. தொடக்கத்தில் மூன்று எண்கள், மொத்தம் 6 பைட். மூன்றையும் கூட்டினால் அடுத்த எண். முதலாவதை விட்டுவிட்டு, மிச்ச இரண்டோடு அந்தப் புதிய எண்ணைச் சேர்த்து மறுபடியும் கூட்டு. இப்படியே போனால் வரும் எண்களில் இருந்து ஒவ்வொரு உலகத்தின் இடமும் பெயரும் ஆட்சியும் பொருளாதாரமும் பிறக்கும். அடுத்த மண்டலத்துக்குத் தாவும்போது அந்த 6 பைட்டில் ஒவ்வொன்றையும் ஒரு படி சுழற்றுவார்கள். ஒரு பைட்டில் 8 பிட், ஆகவே எட்டாவது தரம் தாவினால் புறப்பட்ட மண்டலத்திலேயே வந்து நிற்பாய். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேனையும் தாளுமாக இருந்து கையாலேயே கூட்டிப் பார்த்தேன். லாவே வந்தது. 84இல் நான் விட்டுவிட்டு வந்த அதே இடத்தில் இருந்தது.

பெட்டியை எறியாதே என்று நான் சொன்னதன் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, மகள். யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் அங்கே போய் மேல்மாடி யன்னலோரம் இருந்து வாசித்தவன் நான். 1981 ஜூன் 1 விடியும்போது 97,000 புத்தகங்கள் சாம்பல். அதற்குப் பிறகு, சேர்த்து வைப்பதெல்லாம் எரியும் என்ற எண்ணம் எனக்குள் இறுகிப்போய் இருந்தது. எங்கேயும் சேர்த்து வைக்காத ஒரு ஊர், மூன்று எண்ணும் கூட்டல் கணக்கும் தெரிந்தவன் எங்கே இருந்தாலும் அவனிடம் திரும்பி வரும் என்பதை நான் எலீட்டில்தான் கண்டேன். நான் எலெக்ட்ரோனிக்ஸில் இருந்து நிரல் எழுதும் பக்கம் திரும்பியதும் அதனால்தான். அம்மாவுக்கே நான் இதைச் சொன்னதில்லை.

2003இல் நாங்கள் ஊருக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். தெல்லிப்பழைப் பக்கம் தடை போட்டிருந்த இடத்தில் இறங்கி நின்றோம். வீடு உயர்பாதுகாப்பு வலயத்துக்குள். நீ தூரத்தில் தெரிந்த பனைகளைக் காட்டி "எது அப்பா எங்கட?" என்று கேட்டாய். நான் ஒரு மரத்தைக் காட்டினேன். அது எங்களுடையதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

1993இல் பிரேபன் 'ஃப்ரன்டியர்' என்று இரண்டாவதைச் செய்தார். மூன்று வயதில் நீ என் மடியில் இருந்து அதைப் பார்த்திருக்கிறாய், கோள்கள் பெரிதாகி வரும்போது கைதட்டுவாய். 2014 டிசம்பரில் 'எலீட் டேஞ்சரஸ்' வந்தது. எங்கள் பால்வீதியையே உண்மை அளவில் செய்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட 40,000 கோடி விண்மீன் தொகுதிகள். பார்க்க அத்தனை வடிவு. நான் வாங்கின அன்றிரவே வேறெங்கும் போகாமல் லாவேயைத் தேடிப் போனேன். இருந்தது. டிசோ, லீஸ்டி, சயோன்ஸ் எல்லாம் பக்கத்தில் இருந்தன. நிலையத்தின் வாசலுக்கு நேரே நின்றுகொண்டு சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நேரம் இரவு ஒரு மணி. நான் ஒன்றும் சொல்ல முதலே அவன் "லாவேயா?" என்று கேட்டான்.

பெட்டி என்னோடே இருக்கட்டும். அந்தக் கசெட் இனி ஓடாது என்று நினைக்கிறேன், ஆனாலும் இருக்கட்டும். கொப்பியை மட்டும் நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன். சின்னவனுக்குத் தமிழ் எழுத்தில் பிடிப்பு வரவில்லை என்று நீ சொன்னாய் அல்லவா, அவனிடம் கொடு. பிபிசி மைக்ரோவைப்போல நடிக்கும் மென்பொருள் இப்போது உலாவியிலேயே ஓடுகிறது, எலீட்டை அதில் அவனுக்குப் போட்டுக் காட்டலாம். முதலில் உணவை மட்டும் வாங்கச் சொல்லு, ரீட்குவாட் பக்கம் போகவேண்டாம், அங்கே ஆட்சியே இல்லை, கொள்ளையர் கூட. நிலையத்தில் மோதி அழுதால் அவன் விரலுக்கு மேலே உன் விரலை வை.

கொப்பியின் முதல் பக்கத்தில் என் எழுத்துக்குக் கீழே பென்சிலால் பெரிதாக 'லாவே' என்று இருக்கும். உன் சித்தப்பா எழுதியது. கொம்பை வகரத்துக்குப் பின்னால் போட்டிருக்கிறான். சொல்லும்போது வகரம்தானே முதல் வருகிறது, பிறகுதானே அந்த ஏகாரம் என்று என்னோடு நெடுநேரம் வாதாடினான். நான் திருத்தவில்லை, அப்படியே இருக்கிறது.

பொதி பத்து நாளில் வரும் என்றார்கள். கிடைத்ததும் ஒரு வரி போடு.

அன்புடன்,
அப்பா