பிப்ரவரி 13க்குள் இன்னும் 1,86,500 ராண்டு வேண்டும்

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் வாழும் தமிழ் அன்பர்களுக்கு, எங்கள் கோயிலின் கல்வி உதவிக் குழு வணக்கத்துடன் எழுதுவது.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். இந்த ஆண்டு 23 கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணம் கட்டுவதாகக் குழு வாக்குக் கொடுத்திருக்கிறது. பழைய நிலுவையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ஆளுக்குச் சராசரி 20,000 ராண்டு. மொத்தம் 4,60,000. கையில் இருப்பது 2,73,500. பிப்ரவரி 13ஆம் தேதியோடு பதிவு முடிகிறது. அதற்குப் பிறகு வரும் பணத்தால் பயனில்லை, பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

அரசு உதவித்தொகைதான் இருக்கிறதே என்று பலரும் கேட்கிறார்கள். இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டைத் தாண்டாவிட்டால் 2018 முதல் அரசே கட்டணத்தை ஏற்கிறது. ஆனால் வீட்டில் ஒருவர் நர்ஸ், ஒருவர் பஸ் டிரைவர் என்றாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு உதவித்தொகையும் இல்லை, வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. சரி, உதவித்தொகை கிடைத்தவர்கள் பாடாவது நிம்மதியா? விடுதி வாடகைக்கு அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் போவதெல்லாம் மாணவர் தலையில்தான் விழுகிறது.

போன வாரம் டர்பன் பக்கத்திலுள்ள இனாண்டாவிலிருந்து ஒரு ஜூலு பெண் வந்திருந்தாள். சிவில் இன்ஜினியரிங் படிப்பில் இரண்டு ஆண்டு முடித்தவள். மதிப்பெண் பட்டியல் மழையில் நனையாமலிருக்க ரொட்டிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். கணிதத்தில் 81. போனை நீட்டினாள்: நிலுவை 17,400 ராண்டு, பதிவு செய்ய இயலாது. அம்மா டாக்ஸி ஸ்டாண்டில் அமாக்வின்யா, அதாவது எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, விற்கிறார். நாங்கள் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலு பெண்ணுக்கு நம் கோயில் பணமா என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் எங்களுக்கு வருத்தம்தான். அந்த இனாண்டாவில்தான், பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் டூபே ஊர் ஊராகப் பணம் திரட்டி 1901இல் ஒலாங்கே பள்ளியைத் தொடங்கினார். 1994இல் மண்டேலா தன் முதல் ஓட்டைப் போட்டது அந்தப் பள்ளியில். அதற்குப் பக்கத்திலேயே நம்மவர்கள் வாழும் ஃபீனிக்ஸ். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே இந்தப் பகுதியில் சிந்திய ரத்தத்தை நாம் மறந்துவிடவில்லை. இந்த 23 பேரில் 11 பேர் ஜூலு பிள்ளைகள். அதைப் பெருமையாகவே சொல்கிறோம்.

நம் பெரியவர்களின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் வந்தது. இறங்கியவர்களுக்குக் கரும்புத் தோட்டத்தில் முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அவர்களின் பிள்ளைகளுக்கு அரசு பள்ளி கட்டித் தரவில்லை. பாதிப் பணத்தை நீங்கள் திரட்டுங்கள், மீதியைத் தருகிறோம் என்றது. திரட்டினார்கள். இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி தூண்டிவிட, சமூகமே பணம் போட்டுக் கட்டியதுதான் 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரி. திருவிதாங்கூரிலிருந்து 1890இல் ஒப்பந்தக் கூலியாக வந்து, ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய எம்.எல். சுல்தான், தொழில்நுட்பக் கல்லூரிக்கு 12,500 பவுன் கொடுத்தார். இன்றும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! காவடிக்கு வைத்திருந்த பணத்தில் பாதியை இங்கே கொடுத்த குடும்பங்கள், கட்டணம் இல்லாமல் கணக்குச் சரிபார்த்த அன்பர், எங்கள் உதவியில் படித்து இன்று மாதாமாதம் 500 ராண்டு அனுப்பும் நான்கு பழைய மாணவர்கள், எல்லோரையும் முருகன் நன்றாக வைத்திருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை வாங்கும் நாளிலெல்லாம் ரூயிபோஸ் தேயிலை டின்னில் 50 ராண்டு போட்டு வைத்திருக்கிறார். டிசம்பரில் டின்னோடு கொண்டுவந்து கொடுத்தார். 600 ராண்டு. டின்னை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார், அடுத்த வருடத்துக்கு வேண்டுமாம்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறோம். நல்ல சம்பளம், நல்ல வீடு, சந்தோஷம். தைப்பூசத்துக்கு வருகிறீர்கள், சாப்பிட்டுப் போகிறீர்கள், அதிலும் சந்தோஷம். ஆனால் நன்கொடைப் புத்தகத்தில் உங்களில் ஆறு பேர் பெயர்தான் இருக்கிறது. கூலிக்காரர்கள் போட்ட பாதை இது. நடப்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது.

1,000 ராண்டு கொடுப்பவர்கள் 187 பேர் கிடைத்தால் போதும். 100 ராண்டானாலும் ரசீது உண்டு. பணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குத்தான் போகும், மாணவர் கையிலோ குழுவினர் கையிலோ போகாது. கோயில் அலுவலகம் தினமும் மாலை 5 முதல் 8 வரை திறந்திருக்கும். பிப்ரவரி 10க்குள் கொடுத்துவிட்டால் வங்கித் தாமதம் இல்லாமல் கட்டிவிடலாம்.

இனாண்டாப் பெண்ணை 11ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறோம்.